குளியலறையில் நீர்ச்சிக்கனம்: வாளியும் ஷவரும் – ஒரு செய்முறைப் பாடம்

முன்னுரை

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற யாம், மாணவ ஆசிரியர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு விதியைச் சொல்வது வழக்கம். அளந்து பாராமல் எதனையும் கூடுதல் என்றோ குறைவு என்றோ கூறலாகாது என்பதே அவ்விதி. ஊருக்கெல்லாம் உரைத்த அவ்விதியை எம் வீட்டிலேயே யாம் மீறினோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

எழுபதைக் கடந்த எமக்கு முழங்கால் வலி மிகுந்து, குனிந்து குவளையால் நீர் மொண்டு குளிப்பது கடினமாயிற்று. ஒருமுறை ஈரத்தரையில் கால் வழுக்கி, சுவரைப் பற்றித் தப்பினோம். மகன் குளியலறையில் ஓர் இருக்கையும் கைப்பிடி ஷவரும் பொருத்த விரும்பினார். யாமோ இசையவில்லை. “ஷவர் என்பது நீரை விரயமாக்கும் கருவி. ஒரு வாளி நீரில் குளித்துப் பழகியவர்கள் நாங்கள்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெயரன் அருகில் நின்றுகொண்டிருந்தான். “பாட்டி, நீங்கள் அளந்து பார்த்ததுண்டா?” என்று கேட்டான். எம்மிடம் விடையில்லை.

மறுநாள் அவனே அளந்தான். எம் குழாயில் நிமிடத்திற்கு 9 லிட்டர் நீர் வந்தது. குளிக்கும்போது குழாயை மூடாமல் வாளியில் விழவிட்டபடியே மொண்டு ஊற்றுவது எம் பழக்கம். குழாய் திறந்திருந்த நேரம் 5 நிமிடம். ஆக, யாம் “ஒரு வாளி” என்று பெருமையாகச் சொல்லிவந்தது உண்மையில் 45 லிட்டர். வாளி ஒன்றுதான், நிறைந்து வழிந்ததை யாம் கணக்கில் சேர்க்கவில்லை. பெயரனும் தன் குளியலை அளந்தான். பழைய ஷவரில் நிமிடத்திற்கு 11 லிட்டர். அவன் நின்றது 7 நிமிடம். மொத்தம் 77 லிட்டர். பாட்டியும் பெயரனும் ஒருசேரத் தோற்ற அந்த நாளே இப்பாடத்தின் தொடக்கம்.

பாடத்தின் நோக்கங்கள்

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் வாசக அன்பர்கள், (1) தம் வீட்டுக் குளியலுக்கு ஆகும் நீரை அளந்தறிவர். (2) ஷவர் இயங்கும் முறையை விளங்கிக் கொள்வர். (3) நீரைச் சிக்கனப்படுத்தும் அமைப்பைத் தம் வீட்டிற்கேற்பத் தேர்ந்தெடுப்பர்.

எவ்வளவு நீர்?

நம் நாட்டில் நகரக் குடும்பங்களுக்கு நாளொன்றுக்கு ஆள் ஒருவருக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அதனுள் குடிக்க 5 லிட்டர், சமைக்க 5 லிட்டர், குளிக்க மட்டும் 55 லிட்டர் என்று வகுத்துள்ளனர். ஒரு வீட்டின் நீர்ச்செலவில் பெரும்பங்கு குளியலறையில்தான் நிகழ்கிறது என்பது இதனால் விளங்கும். எனவே சிக்கனத்தைத் தொடங்குவதற்கு உகந்த இடமும் அதுவே.

2019ஆம் ஆண்டுக் கோடையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் 25 லட்சம் லிட்டர் நீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஆளுக்கு 135 லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள். ஒரு வண்டி நீர் ஏறத்தாழ 18,500 பேருக்கு ஒரு நாளைக்கே போதுமானது.

ஷவர் இயங்கும் விதம்

ஷவரில் வரும் நீரின் அளவை இரண்டு தீர்மானிக்கின்றன. ஒன்று துளைகளின் அளவு. மற்றொன்று நீரின் அழுத்தம். நம் வீடுகளில் மொட்டை மாடித் தொட்டியின் உயரமே அழுத்தத்தைத் தருகிறது. பத்து மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. ஆனால் உயரம் இரு மடங்கானால் நீரும் இரு மடங்காகாது. உயரம் நான்கு மடங்கானால்தான் நீர் இரு மடங்காகும்.

எடுத்துக்காட்டாக, நான்கு அடுக்கு வீடு ஒன்றில் தொட்டியின் நீர்மட்டம் மேல்தள ஷவருக்கு 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தரைத்தள ஷவருக்கு அது 12 மீட்டர் உயரமாகும். ஒரே வகை ஷவரைப் பொருத்தினாலும், குழாயின் உராய்வை விலக்கிப் பார்த்தால், மேல்தளத்தில் 6 லிட்டர் வரும் அதே நேரத்தில் தரைத்தளத்தில் 12 லிட்டர் வரும். கீழே குடியிருப்போர் இரு மடங்கு செலவழிப்பது அவர்களுடைய ஊதாரித்தனத்தால் அன்று, அமைப்பின் குறையால். இதை அறியாமல் ஒருவரை ஒருவர் குறைகூறும் அடுக்ககங்கள் பல.

பிற நாடுகளின் முயற்சி

அமெரிக்க நாடு 1992இல் ஒரு சட்டம் இயற்றி, 1994 முதல் புதிய ஷவர் எதுவும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 9.5 லிட்டருக்கு மேல் நீர் தரலாகாது என்று வரையறுத்தது. கலிபோர்னியா மாநிலம் 2018இல் அதனை ஏறத்தாழ 6.8 லிட்டராகக் குறைத்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 பிப்ரவரியில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டரே என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. குளியலை இரண்டு நிமிடத்திற்குள் முடிக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 1973இல் விண்ணில் சுற்றிய ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் குளிக்க அளிக்கப்பட்ட நீர் ஏறத்தாழ 2.8 லிட்டர் மட்டுமே. உடல் தூய்மைக்கு இன்றியமையாத நீர் மிகக் குறைவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க அளவு, ஏறத்தாழ 56 மீட்டர் உயர நீருக்குச் சமமான அழுத்தத்தில் கணக்கிடப்பட்டது. அங்கே 9.5 லிட்டர் தரும் எளிய துளைமுகம், 3 மீட்டர் உயரத் தொட்டியுள்ள நம் வீட்டில் ஏறத்தாழ 2 லிட்டரே தரும். அது சொட்டுவதைக் கண்டு வெறுத்து, அழுத்தப் பம்பு ஒன்றைப் பொருத்துவோர் உண்டு. பிறகு நீரும் மின்சாரமும் சேர்ந்தே விரயமாகும். எனவே பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்காமல், எந்த அழுத்தத்தில் அந்த எண் என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குதல் வேண்டும்.

நல்ல அமைப்பின் ஆறு கூறுகள்

1. ஷவரின் முகம்: தட்டைப் போல் அகன்ற, மழை பொழிவது போன்ற முகங்கள் பார்வைக்கு அழகு, நீருக்குப் பகை. உள்ளங்கை அளவுள்ள முகமே போதும். காற்றைக் கலந்து துளிகளைப் பருக்கச் செய்யும் வகை, அழுத்தம் நன்கு உள்ள இடத்திற்கு ஏற்றது. அழுத்தம் குறைந்த மேல்தளத்திற்குத் துளைகள் எண்ணிக்கையில் குறைந்தும் சற்றே பெரியவாயும் உள்ள எளிய முகமே சிறந்தது. மிக நுண்ணிய துளிகள் உடலை அடையுமுன் ஆறிவிடுவதால் நீராடுவோர் குளிர் நீங்க நெடுநேரம் நிற்பர்; சிக்கனம் பொய்த்துவிடும்.

2. நீரோட்டக் கட்டுப்படுத்தி: இது ரப்பர் வளையம் கொண்ட ஒரு சிறு வில்லை. அழுத்தம் கூடும்போது வளையம் விரிந்து வழியைச் சுருக்கும். குறையும்போது மீண்டும் திறக்கும். தரைத்தள வீடுகளில் ஷவருக்குமுன் இதனைப் பொருத்தினால், மேல்தளத்தாருக்கும் கீழ்த்தளத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் கிடைக்கும். மேல்தளத்தில் இது தேவையில்லை.

3. இடைநிறுத்தக் குமிழ்: சோப்புத் தேய்க்கும் நேரத்தில் நீர் ஓடுவதே பெரும் விரயம். கைக்கெட்டும் இடத்தில் ஒரு குமிழ் இருந்தால், வெந்நீர் தண்ணீர் அளவை மாற்றாமலே ஓட்டத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயில் இதனைப் பொருத்தும்போது, ஒரு குழாய் நீர் மற்றொன்றில் புகாதவாறு ஒருவழி வால்வுகளையும் பிளம்பரிடம் கேட்டுப் பொருத்துதல் வேண்டும். மீண்டும் திறக்கும்போது முதலில் கையில் பட விட்டுச் சூட்டைப் பார்த்தல் நன்று.

4. வெந்நீர்க் குழாயின் நீளம்: வெந்நீர் வருமுன் குழாயில் நிற்கும் ஆறிய நீரையே நாம் கீழே விடுகிறோம். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 0.18 லிட்டர் நீரைக் கொள்ளும். 20 மில்லிமீட்டர் குழாய் 0.31 லிட்டர் கொள்ளும். மாடியிலுள்ள சூரிய வெந்நீர்க் கலத்திலிருந்து 20 மீட்டர் நீளமுள்ள பெரிய குழாய் இறங்கினால், ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் வீணாகும். புதிதாக வீடு கட்டுவோர் வெந்நீர்க் கலத்தைக் குளியலறைக்கு அருகிலும், குழாயைத் தேவைக்கு மேல் பருமனாகாமலும் அமைக்க வேண்டும். கட்டி முடித்தோர், முதல் நீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம்.

5. முதியோர்க்கு ஏற்ற அமைப்பு: உறுதியான இருக்கை, சுவரில் பற்றுகம்பி, ஒன்றரை மீட்டர் நீள வளைகுழாயுடன் கைப்பிடி ஷவர், கைப்பிடியிலேயே திறந்து மூடும் விசை, வழுக்காத தரை – இவ்வைந்தும் வேண்டும். நீர் வேண்டிய இடத்திலேயே விழுவதால் குறைவான நீரே போதுமானது. முதியோரின் பாதுகாப்பும் நீர்ச்சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இங்குக் காணலாம்.

6. கண்முன் காட்டும் கருவி: சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர வீடுகளில் ஷவரோடு ஒரு சிறு காட்டியைப் பொருத்தி ஆராய்ந்தனர். செலவாகும் நீரை அது அப்போதைக்கப்போது எண்ணால் காட்டும். பனிக்கட்டியின்மேல் நிற்கும் கரடி ஒன்றின் படமும் அதில் உண்டு. நீர் கூடக்கூடப் பனிக்கட்டி கரையும். அறிவுரை எதுவுமின்றியே, குளியலுக்கான எரியாற்றல் 22 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறுகிறது. நம் வீட்டிற்கு அக்கருவி இல்லாவிடினும், குளியலறைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டலாம்.

பேணுதல்

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. சில திங்களில் துளைகள் அடைபட்டு, நீர் தாறுமாறாகப் பீய்ச்சும். முகத்தைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உப்பு நீங்கும். சொட்டுகின்ற குழாய்க்கு வாஷரை உடனே மாற்ற வேண்டும். குளித்த நீரைத் தேக்கி வைக்காமல் அன்றன்றே வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம்.

அறநோக்கு

நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உள என்பதும், பயனின்றி நீரைச் சிந்துதல் இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண் தீமைகளுள் ஒன்று என்பதும் நாம் அறிந்தவையே. நீரை வடிகட்டிப் பருகும் நாம், வடிகாலில் ஓடவிடும் நீரைப் பற்றி எண்ணுவதில்லை. பருகும் ஒரு குவளையில் காட்டும் கவனத்தைக் குளியலறையின் 45 லிட்டரிலும் காட்டுதல் முறையன்றோ? யாம் முதலில் எம்மையே கேட்டுக்கொண்ட வினா இது.

கணக்குப் பாடம்

ஐவர் உள்ள குடும்பம் ஒன்றில், ஒவ்வொருவரும் நிமிடத்திற்கு 12 லிட்டர் தரும் ஷவரில் 8 நிமிடம் குளித்தால், நாளொன்றுக்கு 480 லிட்டர் செலவாகும். நிமிடத்திற்கு 6 லிட்டர் தரும் ஷவரில், சோப்புத் தேய்க்கும்போது நிறுத்தி, நீர் ஓடும் நேரத்தை 4 நிமிடமாக்கினால் 120 லிட்டரே ஆகும். நாளொன்றுக்கு 360 லிட்டர் மிச்சம். திங்களொன்றுக்கு 10,800 லிட்டர். இது ஏறத்தாழ ஒரு பெரிய தண்ணீர் லாரி அளவு. வெந்நீராயின் மின்சாரமும் மிஞ்சும். 96 லிட்டர் நீரை 15 பாகை சூடேற்ற ஏறத்தாழ 1.7 யூனிட்டும், 24 லிட்டருக்கு 0.4 யூனிட்டும் ஆகும்.

வீட்டுச் செய்முறை

தேவையான பொருள்கள்: அளவுக்கோடு இட்ட வாளி ஒன்று, நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று, குறிப்பேடு.

ஷவரை முழுதும் திறந்து, 30 நொடி வாளியில் பிடித்து, வந்த அளவை இரண்டால் பெருக்குக. அதுவே நிமிட அளவு. பிறகு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் குளிக்கும்போது நீர் ஓடும் நேரத்தைக் குறித்துப் பெருக்குக. ஒரு வாரம் எழுதி வருக. 6 முதல் 8 லிட்டருக்குள் நிமிட அளவு இருந்தால் மாற்றம் வேண்டா; 10 லிட்டரைத் தாண்டினால் முகத்தையோ கட்டுப்படுத்தியையோ மாற்றுக. பிடித்த நீரைச் செடிக்கு ஊற்ற மறவாதீர். அளப்பதைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். அவர்கள் நம்மைவிட நேர்மையாக அளப்பர்.

முடிவுரை

எம் குளியலறையில் இப்போது இருக்கையும், நிமிடத்திற்கு 6 லிட்டர் தரும் கைப்பிடி ஷவரும் உள்ளன. யாம் குளிக்க நீர் ஓடும் நேரம் மூன்றரை நிமிடம். ஆக 21 லிட்டர். பெயரன் 30 லிட்டரில் நிற்கிறான். பாட்டியை வெல்ல முயன்றுவருகிறான். வாளியில் குளிப்போரும் நிரம்பியதும் குழாயை மூடிவிட்டுக் குளித்தால் 20 லிட்டருக்குள் முடிக்கலாம். எனவே வாளி நல்லது, ஷவர் தீது என்பதோ, அதன் மறுதலையோ இப்பாடத்தின் முடிவன்று. அளந்து பயன்படுத்தினால் இரண்டும் நல்லவையே.

சிந்தனை வினாக்கள்

1. ஒரே வகை ஷவர் தரைத்தளத்தில் மிகுதியாகவும் மேல்தளத்தில் குறைவாகவும் நீர் தருவது ஏன்?

2. உங்கள் வீட்டு வெந்நீர்க் குழாயின் நீளம் யாது? வெந்நீர் வருமுன் எவ்வளவு நீர் வீணாகிறது?

3. உங்கள் வீட்டில் முதியோர் அச்சமின்றிக் குளிக்க வழியுள்ளதா? இல்லையெனில் எதனை முதலில் மாற்றுவீர்கள்?

4. “ஒரு வாளி” என்று நீங்கள் சொல்வது உண்மையில் எத்தனை லிட்டர்?