குடிக்கூலியும் முன்பணமும்

வீட்டு வாடகைக்குத் தமிழில் 'குடிக்கூலி' என்றொரு பெயர் உண்டு. குடியிருப்பதற்குத் தரும் கூலி என்பது அதன் பொருள். கூலியாவது பெற்ற பயனுக்கு ஈடாகக் கொடுப்பது. ஆனால், வடசென்னையில் வீடு தேடுவோரை மலைக்க வைப்பது அக்கூலி மட்டுமன்று. வீட்டினுள் கால் வைக்குமுன்பே எண்ணிக் கொடுக்க வேண்டிய முன்பணமுமாகும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியன துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்து வளர்ந்த ஊர்கள். வேலையிடத்திற்கு அருகில் ஒரு வீடு என்பதே இங்குள்ள உழைப்பாளரின் தேவை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டபின், நகரின் பிற பகுதிகளில் பணிபுரிவோர்க்கும் இங்குக் குடியிருத்தல் எளிதாயிற்று.

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுதல் நெடுநாள் வழக்கம். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 8,000 ரூபாய் எனக் கொள்வோம். முன்பணம் 80,000, தரகர் வழி வந்தால் தரகு வேறு. இத்தொகையைக் கடன் வாங்கிக் கட்டுவோர், வாடகையோடு வட்டியும் சுமக்கின்றனர். பல ஆண்டுகள் கழித்து அதே 80,000 திரும்பி வரும்போது, விலைவாசி உயர்வால் அதன் மதிப்போ குறைந்திருக்கும்.

சட்டம் கூறுவது யாது? 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணத்தை ஏற்கவில்லை. எனினும் வழக்கமே வென்றது. அதனை நீக்கி வந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு பெறவேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், வாடகைதாரர் தரவேண்டிய பாக்கி போக எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்தல் கூடாது என அது விதிக்கின்றது.

ஆயினும் மூன்று மாத வரம்பிற்கு ஒரு விலக்கு உண்டு. இருவரும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் அவ்வரம்பு பொருந்தாது. எனவே, பத்து மாதம் என எழுதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர், சட்டம் தந்த பாதுகாப்பைத் தம் கையாலேயே விட்டுக்கொடுக்கின்றார். நம் மாதிரிக் கணக்கில் அதன் விலை 56,000 ரூபாய்.

வீட்டுரிமையாளர் எல்லாரும் செல்வர் அல்லர். ஓய்வூதியப் பணத்தில் மாடி எழுப்பி, அவ்வாடகையை நம்பி வாழும் முதியோரும் உளர். வாடகை நிலுவையும் வீட்டுச் சேதமும் குறித்த அவர்தம் அச்சம் நியாயமானதே. அவ்வச்சத்தைத் தீர்ப்பதும் தெளிவாக எழுதிய ஒப்பந்தமே.

இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன. படிக்காமலே கையொப்பமிடும் பெற்றோர் பலர். மாணவச் செல்வங்களே, அத்தாளை வாங்கி, வரிவரியாகத் தமிழில் பொருள் கூறுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், வாடகை எவ்வாறு உயரும் என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அவர்கள் கையொப்பமிடட்டும். பெரியோர்களும் தம் வீடுகளுக்கு மூன்று மாத முன்பணம் போதும் என முன்வந்தால், அவ்வழக்கம் தெருவெங்கும் பரவும்.