பாதிக் கதை உரைத்த சிராவகர்

பிறர் வரலாற்றை எழுதுதல் அரிது. தன் வரலாற்றைத் தானே எழுதுதல் அதனினும் அரிது. பிறரைப்பற்றி எழுதுவோர்க்கு அறியாமை தடையாகின்றது. தம்மைப்பற்றி எழுதுவோர்க்கோ அறிந்தவையே தடையாகின்றன. எவற்றை மறைக்க வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர் தாமே அல்லரோ!

நம் மரபில் வரலாறு கூறும் நூல்கள் பல உள்ளன. தீர்த்தங்கரர், சக்கரவர்த்திகள் முதலான அறுபத்து மூன்று சலாகா புருஷர்களின் சரிதங்களை ஸ்ரீபுராணம் வழியாக நாம் கேட்டு வருகிறோம். மேருமந்தர புராணம் போன்றவை பிறவிதோறும் உயிர் பயணம் செய்யும் நெறியைக் காட்டுகின்றன. ஆயினும், கடன்பட்டு, நட்டப்பட்டு, மக்களை இழந்து, மயங்கித் தெளிந்த ஓர் இல்லறத்தார் தம் வாழ்வைத் தாமே மறைக்காது எழுதிவைத்த நூல் காண்பதற்கு அரியது. அத்தகைய நூல் ஒன்றை இயற்றியவர் பனாரசிதாஸ் என்னும் சமண வணிகர். அந்நூலின் பெயர் ‘அர்த்தகதானக்’. அதனை இவ்விதழில் பாடமாகக் கொள்வோம்.

நூலும் பெயரும்

‘அர்த்தகதானக்’ என்பதற்குப் பாதிக் கதை என்பது பொருள். மனிதனின் நிறைவான ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டுகள் எனக் கொண்ட பனாரசிதாசர், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், கி.பி. 1641ஆம் ஆண்டில், ஆக்ரா நகரில் இதனை எழுதி முடித்தார். பாதி ஆயுள் கடந்தது. ஆகவே பாதிக் கதை. ஆனால் அவர் எண்ணிய மறுபாதி அவருக்குக் கிட்டவில்லை. 1643ஆம் ஆண்டளவில் அவர் உலக வாழ்வை நீத்தார் என்பர். பாதி என்று பெயரிட்டதே ஏறக்குறைய முழுக்கதையாயிற்று.

இந்நூல் 675 செய்யுட்களைக் கொண்டது. பண்டிதர்க்கென வடமொழியிலோ பிராகிருதத்திலோ எழுதாமல், கங்கை யமுனை நாட்டு மக்கள் பேசிய மொழியிலேயே அவர் இதனை யாத்தார். இந்தி மொழியின் முதல் தன்வரலாற்று நூல் எனவும், இந்திய மொழிகளில் தோன்றிய மிகப் பழைய தன்வரலாறுகளுள் ஒன்று எனவும் அறிஞர் இதனைப் போற்றுகின்றனர். நாதூராம் பிரேமி அவர்களின் பதிப்பு 1943இல் வெளிவந்தது. முகுந்த் லாட் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1981இல் வெளிவந்தபின், பிற நாட்டு அறிஞரும் இதனை விரும்பிக் கற்கலாயினர்.

பிறப்பும் இளமையும்

பனாரசிதாசர் கி.பி. 1586ஆம் ஆண்டளவில் ஜவுன்பூர் நகரில், ஸ்ரீமால் குலத்துச் சுவேதாம்பர சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கரக்சேன், மணி வாணிபம் செய்தவர். குழந்தைக்கு முதலில் இடப்பட்ட பெயர் விக்ரமாஜித் என்பதாகும். பார்சுவநாத பகவான் அவதரித்த வாராணசிக்குப் பெற்றோர் குழந்தையுடன் யாத்திரை சென்றபோது, அங்கிருந்த பூசகர் ஒருவர் தியானத்தில் அமர்ந்தவர்போல் இருந்து, பகவானின் யட்சன் தமக்குத் தோன்றியதாகவும், இவ்வூரின் பெயரைச் சூட்டினால் பிள்ளை நெடுநாள் வாழ்வான் எனவும் கூறினார். பெற்றோர் நம்பினர், பெயர் மாறிற்று. அப்பூசகர் செய்தது பாசாங்கே என்று பனாரசிதாசர் தயங்காமல் எழுதுகின்றார். தம் பெயர் பிறந்த கதையிலேயே உண்மையை விட்டுக்கொடாத நேர்மையை இங்குக் காண்கிறோம்.

இளமைக் குற்றங்களையும் அவர் மறைக்கவில்லை. பதினான்கு வயதில் காதல் மயக்கத்தில் வீழ்ந்ததையும், தந்தையின் மணிகளைத் திருடி, வெற்றிலையும் இனிப்பும் வாங்கி அனுப்பியதையும் ஒப்புக்கொள்கின்றார். பின்னர் உடலெங்கும் புண் தோன்றிப் பெருநோய் வந்தபோது மனைவியும் மாமியாருமே அருவருப்பின்றிப் பணிவிடை செய்தனர். நாவிதர் ஒருவர் அளித்த மருந்தால் நோய் நீங்கிற்று. துறவி வேடம் பூண்ட ஒருவர் கற்பித்த மந்திரத்தை, நாள்தோறும் வாயிலில் பொற்காசு கிடைக்கும் என நம்பி, ஓராண்டு மறைவாக ஓதி ஏமாந்ததையும் அவரே சொல்கின்றார்.

1605ஆம் ஆண்டில் அக்பர் மறைந்த செய்தி ஜவுன்பூரை எட்டியது. மாடிப்படியில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் அதிர்ச்சியால் மயங்கி விழுந்து தலையில் காயமுற்றார். நகரமே நடுங்கிற்று. மக்கள் கதவடைத்தனர், அணிகலன்களைப் புதைத்தனர், செல்வரும் முரட்டுத் துணி உடுத்து ஏழையர்போல் நடமாடினர். ஜஹாங்கீர் அரியணை ஏறிய செய்தி வந்த பின்னரே அச்சம் தணிந்தது. அரண்மனை வரலாறுகளில் காணக் கிடைக்காத செய்தி இது. மன்னர் மறைந்தால் குடிமகன் வீட்டில் என்ன நிகழும் என்பதைக் குடிமகனே எழுதியிருக்கின்றார்.

அக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. சிற்றின்பச் சுவை மிக்க ஆயிரம் செய்யுட்கள் கொண்ட நூல் ஒன்றைச் சிறு வயதில் இயற்றியிருந்தார். ஒருநாள் கோமதியாற்றுப் பாலத்தின்மேல் அதனை நண்பர்க்குப் படித்துக் காட்டுகையில், ஒரு பொய் சொன்னாலே தீவினை சேருமாயின், இத்தனை பொய்களைப் புனைந்த தமக்கு என்ன கதி நேரும் என்னும் எண்ணம் எழுந்தது. உடனே சுவடியை ஆற்றில் எறிந்துவிட்டார். நண்பர் அலறினர், நூல் வெள்ளத்தோடு போயிற்று. தாம் எழுதியதைத் தாமே துறந்த அக்கணத்தில் உண்மை எழுத்தாளர் ஒருவர் தோன்றினார் எனலாம்.

வணிகரின் வரவும் செலவும்

மணிகளும் நெய்யும் எண்ணெயும் துணியும் கொடுத்துத் தந்தை அவரை ஆக்ராவுக்கு அனுப்பினார். வாணிபம் கைகூடவில்லை. இடுப்பு நாடாவில் முடிந்துவைத்த மணிகள் எங்கோ விழுந்தன. கையில் காசில்லாமல், கச்சோரிப் பலகாரம் விற்பவரிடம் மாதக்கணக்கில் கடன் சொல்லி உண்டார். மாலை வேளைகளில் ‘மதுமாலதி’, ‘மிருகாவதி’ ஆகிய காதற் கதைகளை வீட்டில் பத்து இருபது பேர்க்குப் படித்துக் காட்டுவார். கேட்க வந்தோருள் அக்கடைக்காரரும் ஒருவர். தம்மிடம் பணமில்லை என்று வெளிப்படையாக உரைத்தபோதும் அவர் உணவளிப்பதை நிறுத்தவில்லை. பெயர் பெற்ற செல்வரைக் காட்டிலும் இவ்வெளிய மனிதரே நம் நினைவில் நிற்கின்றார்.

கூட்டு வாணிபம் ஒன்றில் உழைத்து இறுதியில் கணக்கு முடித்தபோது வரவும் செலவும் சமமாயின. கைராபாத்தில் மாமனார் இல்லம் சென்று, மனைவியிடம் தம் வறுமையைக் கூறினார். அவ்வம்மையார் தாம் சேமித்திருந்த இருபது ரூபாயை மறைவாகத் தந்தார். தம் தாயாரிடம் கூறி மேலும் இருநூறு ரூபாய் பெற்றுத் தந்தார். இல்லாள் செய்த உதவியைத் தொகையுடன் எழுதிவைத்தது வணிகரின் நன்றியுணர்வு.

அவர்க்கு ஒருவர்பின் ஒருவராக மூன்று மனைவியர் வாய்த்தனர். பிறந்த குழந்தைகள் ஒன்பது. ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் இருவர். ஒன்பதின்மரும் இறந்தனர். இப்பெருந்துயரை அவர் நீட்டி முழக்கவில்லை. எண்ணிக்கையைக் கூறி, இலையுதிர்ந்த மரத்தை உவமை காட்டி, அமைதியடைகின்றார். குறைவான சொற்களில் கூறப்பட்டதனாலேயே அத்துயரம் படிப்போர் நெஞ்சில் ஆழப் பதிகின்றது.

சமயசாரம் தந்த ஒளியும் மயக்கமும்

தமிழ்ச் சமணராகிய நமக்கு இந்நூலோடு உள்ள நெருங்கிய தொடர்பை இங்குக் காண்போம். 1623ஆம் ஆண்டில் பனாரசிதாசர்க்குச் சமயசாரத்தைப் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. சமயசாரம் அருளியவர் ஆசார்ய குந்தகுந்தர். வந்தவாசிக்கு அருகில் உள்ள பொன்னூர் மலையை அவர் தவம் செய்த இடமாக நாம் வழிவழியாகப் போற்றி, அவர்தம் திருவடிகளை வணங்கி வருகிறோம். அந்நூலுக்கு அமிர்தசந்திர சூரி வகுத்த உரைச் செய்யுட்களுக்கு ராஜமல்லர் எழுதிய எளிய விளக்கமே பனாரசிதாசர் கையில் கிடைத்தது. பிற்காலத்தில், 1950இல், தமிழ்ச் சமண அறிஞர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் சமயசாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கத்துடனும் வெளியிட்டார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

நூல் கிடைத்தது; நெறிகாட்டும் குரு கிடைக்கவில்லை. ஆன்மா தூயது, கட்டற்றது என்னும் நிச்சய நயத்தின் உரையைப் படித்த பனாரசிதாசர், அவ்வாறாயின் பூசையும் விரதமும் எதற்கு என்று எண்ணினார். நாள்தோறும் செய்துவந்த கிரியைகளைக் கைவிட்டார். ஆனால் ஆன்ம அனுபவமும் வாய்க்கவில்லை. பழையதும் போயிற்று, புதியதும் வரவில்லை. நண்பர் மூவருடன் கூடி, அறைக்குள் ஆடை களைந்து நின்று, தாமும் பற்றற்ற முனிவராயினோம் என்று விளையாடினர். இறைவன் திருமுன் படைத்த பொருளையும் அவர் உண்டார். ஊரார் இகழ்ந்தனர். இவை அனைத்தையும் எழுதியவர் பகைவர் அல்லர், அவரேதாம்.

ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1635ஆம் ஆண்டளவில் பாண்டே ரூப்சந்த் என்னும் அறிஞர் ஆக்ராவுக்கு வந்து, நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய கோம்மடசாரத்தை விளக்கினார். ஒவ்வொரு குணஸ்தானத்திற்கும் உரிய ஒழுக்கம் உண்டு. படியில் ஏறாமல் மாடியை அடைய இயலாது என்பது பனாரசிதாசர்க்குத் தெளிவாயிற்று. நிச்சய நயமும் வியவகார நயமும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. தத்தம் இடத்தில் இரண்டும் மெய்யே என்னும் அநேகாந்தப் பார்வை பிறந்தது. அத்தெளிவின் கனியாக 1636இல் அவர் ‘நாடக சமயசாரம்’ என்னும் நூலை இயற்றினார். வடநாட்டுச் சமண இல்லங்களில் அது இன்றும் ஓதப்படுகின்றது.

குணமும் குற்றமும்

நூலின் இறுதியில் பனாரசிதாசர் தம் குணங்களையும் குற்றங்களையும் இருபுறமும் எழுதிய கணக்கேடுபோல் வரிசைப்படுத்துகின்றார். பொறுமை உண்டு, மனநிறைவு உண்டு, செய்யுள் ஓதும் திறம் உண்டு, பல மொழி அறிவு உண்டு. இவை வரவு. செலவுப் பக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் நாம் அறிந்த நான்கு கஷாயங்களே. குரோதமும் மானமும் மாயையும் தம்மிடம் குறைவு, ஆனால் லோபம் மிகுதி என்கின்றார். சிறு வரவுக்கு மகிழ்வதும் சிறு இழப்புக்குப் பெரிதும் கலங்குவதும் தம் இயல்பு என்கின்றார். தவமும் தானமும் இல்லை. பொய்க்கதைகளைச் சுவைத்துக் கூறுவதுண்டு. தனித்திருக்கையில் நடனமாடுவதும் உண்டு. காரணமின்றி அச்சம் தோன்றுவதும் உண்டு. பெருங்குற்றமும் சிறு விந்தையும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

மாந்தரை உத்தமர், மத்திமர், அதமர் என அவர் மூவகைப்படுத்துகின்றார். பிறர் குணத்தையும் தம் குற்றத்தையும் பேசுவோர் உத்தமர். பிறர் குற்றத்தையும் தம் குணத்தையும் பேசுவோர் அதமர். இரண்டையும் பேசுவோர் மத்திமர். தம்மை அவர் மத்திமராகவே எண்ணிக்கொள்கின்றார். தாழ்த்திக்கொள்வதிலும் ஒரு செருக்கு ஒளிந்திருக்கக்கூடும். அச்செருக்கும் இங்கு இல்லை.

நமக்குரிய பாடம்

குருவின்முன் தன் பிழைகளை மறையாது உரைத்தல் ஆலோசனை எனப்படும். செய்த தவற்றை எண்ணிப் பார்த்து அதனின்றும் மீளுதல் பிரதிக்கிரமணம் ஆகும். இவற்றை நாம் மந்திரமாக ஓதுகிறோம். பனாரசிதாசரோ அவற்றை வாழ்க்கை வரலாறாக எழுதிக் காட்டினார். குற்றத்தைக் குறைத்தும் கூறவில்லை. கேட்போர் இரங்குமாறு மிகுத்தும் கூறவில்லை. வணிகர் பொன்னை நிறுப்பதுபோல் உள்ளதை உள்ளவாறே நிறுத்தார். தன்வரலாற்று நூலுக்கு இதனினும் உயர்ந்த இலக்கணம் வேறு இல்லை.

அவர் ஓர் ஆசாரியரோ அரசரோ அல்லர் என்பதையும் மறத்தலாகாது. நட்டமுற்ற ஒரு வணிகர் எழுதிவைத்ததனால், நான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட சமண இல்லறத்தாரின் அச்சமும் பக்தியும் வாணிபமும் துயரமும் நமக்குத் தெரியவருகின்றன. நம் ஊர்களிலும் ஆலயத் திருப்பணிக்கு உழைத்தோர், உழவு செய்து பிள்ளைகளைக் கற்பித்தோர், ஏட்டுச்சுவடிகளைக் காத்தோர் பலர் வாழ்ந்தனர். அவர்தம் கதை பாதியளவேனும் எழுதப்பட்டிருப்பின் நம் சமுதாய வரலாறு எவ்வளவு செழித்திருக்கும்! ஆதலின், இல்லத்து முதியோர் தாம் கண்டதையும் பட்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குதல் நன்று. எழுத இயலாதவர்பால் இளைஞர் கேட்டு எழுதுக. பெருமைகளை மட்டும் தொகுக்காமல், தவறிய இடங்களையும் எழுதுக. மறுபாதி நம் கையில் இல்லை; கடந்த பாதியை உண்மையுடன் உரைப்பது நம் கையில் உள்ளது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பனாரசிதாசர் தம் நூலுக்குப் பாதிக் கதை எனப் பெயரிட்டது ஏன்?

2. கோமதியாற்றில் அவர் நூலை எறிந்த செயல் எவ்விரதத்தை நினைவூட்டுகின்றது?

3. நிச்சய நயத்தை மட்டும் பற்றியதால் அவர்க்கு நேர்ந்த கேடு யாது? அது எவ்வாறு நீங்கிற்று?

4. நான்கு கஷாயங்களுள் நம்மிடம் மிகுதியாக உள்ளது எது? அதனை எழுதிவைக்க நம்மால் இயலுமா?

வாழ்க ஜினதருமம்! வளர்க மெய்யறிவு!