பூக்குமுன் பிடுங்க வேண்டிய களை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் துறைமுகங்களும், சரக்குத் திடல்களும், இரயில் பாதைகளும், தொழிற்சாலைகளும் தொடர்ந்து அமைந்துள்ளன. அவற்றைத் தாண்டியதும் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரங்களில் நெல்லும் நிலக்கடலையும் தீவனப் பயிர்களும் விளையும் நிலங்களைக் காண்கிறோம். இரண்டுக்கும் நடுவே சாலையோரத்திலும் புறம்போக்கிலும், காரட் இலையைப் போன்ற இலையும் வெண்ணிறச் சிறு பூக்களும் கொண்டு மண்டி வளரும் செடி ஒன்றுண்டு. அதுவே பார்த்தீனியம். அதனைத் தரிசு நிலத்துக் களையென்று மட்டும் எண்ணிக் கடலை பயிரிடுவோர் வாளாவிருந்துவிடலாகாது.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி நமது நாட்டில் 1955-ஆம் ஆண்டில் பூனா நகரில் கவனத்திற்கு வந்தது. இறக்குமதிக் கோதுமையோடு கலந்து வந்ததென்பது பரவலான கருத்து. அதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு இருந்ததென்பாரும் உளர். வெளிநாட்டுக் களைகளும் பூச்சிகளும் நோய்களும் நுழையாதவாறு தடுக்க 1914-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டு ஆணையும் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் விதையும் தானியமும் இவற்றின்படியே பரிசோதிக்கப்படுகின்றன. ஆயினும் உள்ளே வந்து வேரூன்றிவிட்ட களையைத் துறைமுகத்துச் சோதனை என்ன செய்ய முடியும்? அதன் பிறகு காவல் கிராமத்தின் பொறுப்பாகிறது.

இக்களையால் கடலைக்கு நேரும் கேட்டை 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்து அனந்தப்பூர் மாவட்டத்தினர் கண்டனர். ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேரில் நிலக்கடலை தாக்கப்பட்டது. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேலென மதிப்பிடப்பட்டது. குருத்திலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, காம்பும் தண்டும் கருகி, நுனிக்குருத்து மாண்டது. இளம்பருவத்தில் பீடிக்கப்பட்ட செடிகள் பிழைக்கவில்லை. நோய்க்குக் காரணம் புகையிலைக் கீற்று வைரஸ் என்னும் நச்சுயிரி. அது குடியிருந்த இடம் பார்த்தீனியம்! வைரஸைத் தாங்கியிருந்தும் அச்செடி வெளித்தோற்றத்தில் செழிப்பாகவே இருக்கும். பூத்ததும் அதன் மகரந்தத்தில் நச்சுயிரி சேர்கிறது. மிகச் சிறிய இலைப்பேன்கள் அம்மகரந்தத்தை உடலில் சுமந்து காற்றோடு கடலை வயலுக்கு வந்து இலையைச் சுரண்டுகின்றன. அக்காயத்தின் வழியே நோய் புகுகிறது. இவ்வாறு களை, பூச்சி, நோய் மூன்றும் ஒரே சங்கிலியாக அமைந்துவிடுகின்றன.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கடலைச் செடியிலிருந்து மற்றொரு கடலைச் செடிக்கு இந்நோய் பரவுவதில்லை. எனவே நோயுற்ற கடலையைப் பிடுங்கிக் கொண்டிருப்பதைவிட, வரப்பிலும் அடுத்துள்ள புறம்போக்கிலும் நிற்கும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் நீக்குவதே பயன் தரும். மழை பெய்து முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் அது பூத்துவிடும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். ஆவணியில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் மறுமுறையும் ஆட்களைக் கூட்டுவது தக்கது. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துவதையும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பயன்படுத்திக் கொள்ளலாம்.

ஈரமண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். இச்செடி தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குமாதலால் கைக்கு உறையும் முகத்துக்குத் துணியும் இன்றி எவரையும் இவ்வேலையில் விடலாகாது. ஆஸ்துமா உள்ளவர்களை அறவே விலக்கி வைக்க வேண்டும். பூக்காத செடிகளை எருக்குழியில் இடலாம். பூத்தவற்றை எருவாக்கலாகாது, வண்டியில் ஏற்றித் தெருவெல்லாம் விதை சிந்தவும் கூடாது.

ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் கறியுப்பைக் கரைத்துத் தெளித்தால் செடி வாடும் என்பது மெய்யே. ஆயினும் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவிக் கிணறுகள் உவர்ப்பானது நாமறிந்த செய்தி. அங்கு மேலும் உப்பைத் தெளிக்குமாறு நாம் சொல்லமாட்டோம். தரிசுகளில் மழைக்கு முன் ஆவாரை, தகரை, துத்தி விதைகளைத் தூவி வைப்பது மேல். அவை நெருங்கி வளர்ந்து களைக்கு இடம் கொடா.

மெக்ஸிகோவிலிருந்து கொணர்ந்த ஒரு வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. அது இக்களையின் இலைகளைத் தின்றழிக்கும். இது புது உபாயமன்று. நமது கிராமங்களை அடைத்திருந்த சப்பாத்திக்கள்ளியும், 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்த ஒரு பூச்சியாலேயே ஒடுங்கியது. எனினும் பார்த்தீனிய வண்டு மழைக்காலத்தில் மட்டுமே சுறுசுறுப்பாக இயங்கும். கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடும். அதைக் கண்டால் கொல்லாமல் விடுக. அதனை நம்பி மண்வெட்டியை மூலையில் சாத்திவிடவும் வேண்டாம்.

கடலை விதைக்கும்போது வயலைச் சுற்றிச் சோளமோ கம்போ சில வரிசைகள் நெருக்கமாக விதைத்தால், காற்றில் வரும் இலைப்பேன்களை அவை தடுக்கும். கறவை மாடுகளுக்குத் தீவனமும் ஆகும். அத்தீவனத்தை அறுக்கையில் பார்த்தீனியம் கலவாதபடி பார்த்துக்கொள்க. கலந்தால் பால் கசக்கும். சோளத்தைப் பூக்குமுன் இளசாக அறுத்து மாட்டுக்கு இடுவதும் ஆபத்து; அப்பருவத்தில் அதில் நச்சுண்டு.

விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆதலால் பிடுங்கிய இடங்களைப் பஞ்சாயத்துப் புத்தகத்தில் குறித்து வைத்து, அடுத்த மழைக்குப் பின் அதே இடங்களைச் சென்று பார்த்தல் வேண்டும். தொழிற்சாலை, இரயில் பாதை ஆகியவற்றின் எல்லைக்குள் களை நிற்குமானால், பூக்குமுன்பே உரியவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.