எழுத்தாளர் இல்லமும் பாரம்பரியப் பாதுகாப்பும்

கோட்டைகளையும் கோயில்களையும் காப்பதற்குச் சட்டம் உண்டு. அண்மைக் காலம் வரை ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டைக் காக்க வேண்டுமெனில் எந்த விதியை நாடுவது? மைசூருவில் ஆர். கே. நாராயண் வாழ்ந்த இல்லத்தின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

யாதவகிரிப் பகுதியில் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பெற்ற மாடி வீடு அது. முகப்பின் ஒரு பகுதி அரைவட்டமாக முன்னோக்கி நீண்டிருக்கும். அதன் மாடியில் எட்டுச் சன்னல்கள் கொண்ட எழுத்தறை அமைந்துள்ளது. கூட்டுக் குடும்பத்தினர் பழைய வீட்டை விட்டு உடனே வர விரும்பாமையால், தொடக்கத்தில் இவ்வீடு அவருக்கு எழுதுவதற்குரிய தனியிடமாகவே பயன்பட்டது. (எனினும், 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தி கைடு' எழுதப்பெற்றது அமெரிக்காவின் பெர்க்லி நகரிலாகும்.) 1990ஆம் ஆண்டையொட்டி அவர் சென்னையில் குடியேறினார், 2001 மே 13 அன்று மறைந்தார்.

2011 செப்டம்பரில் வீட்டை இடிக்கும் பணி தொடங்கியது. செய்தி நாளேடுகளில் வெளியானதும் அதிகாரிகள் தலையிட்டுப் பணியை நிறுத்தினர். அதற்குள் ஒரு பகுதி சேதமுற்றிருந்தது. மைசூர் சமஸ்தானம் 1885ஆம் ஆண்டிலேயே தொல்லியல் துறை கண்ட நாடு. அத்தகைய நகரிலும் இந்நிலை நேர்ந்தது கவனத்திற்குரியது. காரணம் எளிது. தொன்மைச் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறைந்தது 100 ஆண்டுகள் பழமையுடையவற்றையே கருத்தில் கொள்கிறது. இவ்வீட்டிற்கு அப்போது வயது ஏறத்தாழ 60. தம் சொத்தை இடித்துக் கட்டும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்பதும் மறுக்கத்தக்கதன்று.

எஞ்சிய வழி விலைக்கு வாங்குவதே. ஏறத்தாழ 2.4 கோடி ரூபாய்க்கு மாநகராட்சி வீட்டை வாங்கிற்று. இதற்குக் கன்னட எழுத்தாளர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர், கையெழுத்துப் படிகளை அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தவர். அவருக்காக மக்கள் வரிப்பணம் ஏன் என்பது அவர்கள் கேள்வி. மொழியை முன்னிட்டு எழுந்த வாதம் வலுவற்றது. நாராயண் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் மைசூரே. ஆனால் பணத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. ஒவ்வோர் இல்லத்தையும் இவ்வாறு வாங்க எந்த நகராட்சியாலும் இயலாது.

மும்பையில் 1995இல் நடைமுறைக்கு வந்த பாரம்பரிய விதிகள் வேறு முறையைக் கையாளுகின்றன. கட்டடங்கள் முன்கூட்டியே தரவாரியாகப் பட்டியலிடப்படுகின்றன. தனியார் வீடுகளும் அதில் இடம்பெறலாம். பட்டியலில் சேர்வதால் கூடுதலாகக் கட்டும் வாய்ப்பை இழக்கும் உரிமையாளர், அந்த உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ அனுமதி பெறலாம். அரசு பணம் செலுத்தாமலே இழப்பு ஓரளவு ஈடாகிறது. இடிப்பு தொடங்கிய பின்னர் ஓடிச்சென்று தடுக்கும் நிலையும் குறைகிறது.

சீரமைக்கப்பட்ட யாதவகிரி இல்லம் 2016 ஜூலை 9 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவருடைய உடைகள், விருதுகள், நிழற்படங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. விலை ஒருமுறை கொடுத்ததோடு முடிந்தது. காவல், தூய்மை, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் ஆண்டுதோறும் தொடர்வன.