அவசரப் பிரிவில் நிற்பதும் நம்ம பிள்ளைதான்



1838ஆம் ஆண்டே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் நம்முடையது. இன்று நர்சிங் படித்த பிள்ளை இல்லாத ஊர் இங்கே குறைவு. குழுவில் கடன் எடுத்து மகளை நர்சிங் படிக்க வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தப் பிள்ளை வேலையில் என்ன பாடு படுகிறாள் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் நைட் டூட்டி முடிந்து வந்தவள், கொடுத்த சாயாவைக் குடிக்காமல் அப்படியே இருந்தாள். "என்ன மக்களே?" என்று அம்மா கேட்டதும் அழுதுவிட்டாள். பைக் விபத்தில் வந்த ஒரு பையன் அவள் கண்முன்னே இறந்துபோனான். அவள் முகம் கழுவக்கூட நேரம் இல்லை. அடுத்த கட்டிலில் நின்றவர்கள், "ஒரு ஊசி போட இவ்வளவு நேரமா?" என்று ஏசினார்களாம்.

இதைக் கூட்டத்தில் சொன்ன அந்த அக்கா, "மாமியாருக்குக் காய்ச்சல்னு போனப்ப நானும் ஒரு சிஸ்டரை இப்படித்தான் ஏசினேன். அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

வேலை ஏன் பாரமாகிறது?

வார்டில் எத்தனை கட்டில் என்று கணக்கு உண்டு. அவசரப் பிரிவில் அந்தக் கணக்கு இல்லை. பாம்புக்கடி, நெஞ்சுவலி, விஷம் குடித்தவர், பனையிலிருந்து விழுந்தவர் எல்லோரும் ஒரே நேரத்தில் வரலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது குளச்சல், மணக்குடி கரைகளில் நடந்ததை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாளிலும் ஓடாமல் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

ஆபத்து அவர்களுக்கும் உண்டு. 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி, அதே நோயால் இறந்தார். அவர் இரண்டு சிறு பிள்ளைகளின் தாய்.

சம்பளமும் ஒரு பாரம். தமிழகத்தில் 2015ல் தேர்வு எழுதி ஒப்பந்த முறையில் சேர்ந்த அரசு நர்சுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டி வந்தது.

ஏன் காக்க வைக்கிறார்கள்?

அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, உடனே பார்ப்பார்கள். அடுத்தது மஞ்சள். காத்திருக்கக் கூடியவர் பச்சை. நம்மைக் காக்க வைத்தால், நம் ஆளின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று பெரும்பாலும் பொருள். ஆனால் காத்திருக்கும்போது மூச்சுத் திணறல், மயக்கம் போல ஏதாவது கூடினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

1. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடித்த நேரத்தைச் சொல்லுங்கள்.
2. பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். விஷம் குடித்திருந்தால் அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.
3. நோயாளியோடு ஒருவர் மட்டும் நில்லுங்கள்.
4. குறை இருந்தால் பொறுப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை, அடிப்பது குற்றம். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வீட்டில் நர்ஸ் இருந்தால்

நைட் டூட்டி முடிந்து வந்தவளிடம் உடனே சமையலை ஒப்படைக்காதீர்கள், தூங்க விடுங்கள். அவள் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொல்லாதீர்கள். தூக்கம் வராமை, எதற்கெடுத்தாலும் கோபம், வேலைக்குப் போகவே பயம் என்று இருந்தால், அது அவள் குணக்கேடு அல்ல. வேலைப் பளுவால் மனம் சோர்ந்துபோவதை உலக சுகாதார நிறுவனமே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கேட்கலாம்.

கூட்டத்தில் பேசுவோம்

- நாம் கடைசியாக அவசரப் பிரிவுக்குப் போனபோது எப்படி நடந்துகொண்டோம்?
- நம் ஊரில் நைட் டூட்டி பார்க்கும் பிள்ளைகள் யார் யார்? அவர்கள் வீட்டு வேலையில் யார் கை கொடுக்கிறார்கள்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த சிஸ்டரிடம், "சாப்பிட்டியா மக்களே?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.