ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைகள் எங்கே?

கார்த்திகை மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். சேமக்காலைகளைத் துப்புரவு செய்து, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து, எம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்காக மன்றாடுகிறோம். அப்படியான ஒரு மாலையில் கல்லறைகளை மந்திரித்து முடித்துத் திரும்பும்போது, சேமக்காலை மதிலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் தனியே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றார். அங்கே கல்லறை எதுவும் இல்லை. அருகில் சென்று விசாரித்தேன்.

“சுவாமி, என்ர மூத்தவன் இஞ்சதான் கிடக்கிறான். ஐம்பது வரியத்துக்கு மேலாச்சு. பிறக்கேக்கையே மூச்சில்லை. ஞானஸ்நானம் இல்லையெண்டு மதிலுக்கு வெளியாலைதான் தாட்டவை. அவன் மோட்சத்தில இருப்பானோ, சுவாமி?”

இக்கேள்வி அந்தத் தாய் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. குறைமாதத்தில் பிள்ளையை இழந்தவர்கள், வைத்தியசாலையில் பிறந்த சில நிமிடங்களில் பறிகொடுத்தவர்கள், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த வழிகளிலும் பதுங்குகுழிகளிலும் பெற்று இழந்தவர்கள் எனப் பலர் எமது பங்குகளில் இக்கேள்வியை வெளியே சொல்லாமல் சுமந்து வாழ்கின்றனர். எனவே திருச்சபை இதுபற்றி உண்மையில் என்ன போதிக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

கேள்வி பிறந்த விதம்

திருச்சபை இரண்டு உண்மைகளை ஒருசேரக் கைக்கொண்டு வருகிறது. முதலாவது: ஞானஸ்நானம் இரட்சண்ணியத்துக்கு அவசியம். நீரினாலும் ஆவியினாலும் பிறவாதவன் இறைவனின் அரசில் நுழைய முடியாது என ஆண்டவர் நிக்கோதேமுவுக்குச் சொன்னதை அருளப்பர் எழுதிய சுவிசேஷம் 3ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரண்டாவது: எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டுமென்பதே இறைவனின் சித்தம். இதனைப் புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் (2:4) கூறுகிறார்.

வளர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் பெறுமுன் இறந்தால், அவருடைய ஆசையே அவருக்கு ஞானஸ்நானமாகலாம். விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தினால் அதுவும் ஞானஸ்நானமாகும். ஆனால் ஆசைப்படவும் அறியாத, பாவம் செய்யவும் அறியாத பச்சிளங் குழந்தையின் நிலை என்ன? இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் இக்கேள்வி பிறந்தது.

புனித அகுஸ்தீனாரின் கடுமை

கீழைத் திருச்சபையில் 4ம் நூற்றாண்டில் வாழ்ந்த நசியான்சு நகர்ப் புனித கிரகோரியார், தம் குற்றமின்றி ஞானஸ்நானம் இழந்த குழந்தைகள் மகிமையும் அடையார், தண்டனையும் அடையார் எனக் கருதினார்.

மேலைத் திருச்சபையிலோ பெலாஜியு என்பவரின் தப்பறை காரணமாக விவாதம் கூர்மையடைந்தது. ஜென்மப் பாவம் என ஒன்றில்லை. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்பது அவரது போதனை. இதனை எதிர்த்த புனித அகுஸ்தீனார் (354 - 430), கிறிஸ்துவின் அருளின்றி எவருக்கும் இரட்சண்ணியம் இல்லை என்பதை நிலைநாட்டினார். 418ம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆபிரிக்க ஆயர்களும் பெலாஜியுவின் போதனையைக் கண்டித்தனர். அந்த வாதத்தின் முடிவாக, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் தண்டனைக்கு உள்ளாவர், ஆனால் அது எல்லாவற்றிலும் மிக இலேசான தண்டனையாகவே இருக்கும் என அகுஸ்தீனார் எழுதினார். அவருக்கும் இது இலகுவாக இருக்கவில்லை. குழந்தைகளின் தண்டனை பற்றிய கேள்விக்கு என்ன பதில் சொல்வதெனத் தெரியாது தாம் தவிப்பதாக 415ம் ஆண்டளவில் புனித எரோணிமுவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

லிம்போ என்பது என்ன?

நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இக்கடுமை தணிந்து வந்ததைக் காண்கிறோம். பாப்பரசர் 3ம் இன்னசென்ற் 1201ம் ஆண்டில் ஆர்ள் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், தன்வினைப் பாவத்துக்கே நரக வேதனை உண்டு. ஜென்மப் பாவம் மட்டும் உள்ளவர் இறை தரிசனத்தை இழப்பதே தண்டனை என விளக்கினார். புனித தோமஸ் அக்குவினாஸ் (1225 - 1274) மேலும் ஒரு படி சென்று, அக்குழந்தைகள் எத்துன்பமுமின்றி இயற்கையான மகிழ்ச்சியுடன் இருப்பர் எனப் போதித்தார்.

இந்நிலைக்கே ‘லிம்போ’ என்ற பெயர் வழங்கலாயிற்று. இலத்தீன் மொழியில் இச்சொல் சீலையின் விளிம்பை அல்லது கரையைக் குறிக்கும். மோட்சமுமல்ல, வேதனைக்குரிய நரகமுமல்ல, ஓர் ஓரம் என்பது பொருள்.

ஒன்றை இங்கே நன்கு கவனிக்க வேண்டும். லிம்போவைத் திருச்சபை ஒருபோதும் விசுவாச சத்தியமாக வரையறுத்துச் சொல்லவில்லை. 1794ம் ஆண்டில் பாப்பரசர் 6ம் பத்திநாதர், லிம்போவை பெலாஜியரின் கட்டுக்கதை எனப் பழித்தவர்களைக் கண்டித்தார் என்பது உண்மையே. ஆனால் அதனால் அது விசுவாச சத்தியமாகிவிடவில்லை. அது இறையியலாளரின் கருத்தாக, எம் முன்னோர் ஞானோபதேசத்தில் கேட்டு வளர்ந்த பொதுப் போதனையாக மட்டுமே இருந்தது.

மதிலுக்கு வெளியே

ஆயினும் அக்கருத்து மக்களின் வாழ்வில் ஆழமான காயங்களை உண்டாக்கிற்று. 1917ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1239ம் இலக்கம்) ஞானஸ்நானம் பெறாது இறந்தவர்களைத் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய இடமளிக்கவில்லை. எமது தாய் மதிலுக்கு வெளியே மெழுகுதிரி கொளுத்த நேர்ந்தது இதனாலேயே.

இத்துயரம் எமக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்க நாடான அயர்லாந்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் புதைநிலங்கள் இருந்தன. அவற்றை அவர்கள் ‘கில்லீன்’ என்பர். சுவிற்சலாந்தில் பேர்ண் மாநிலத்தின் ஓபர்பூரன் என்னுமிடத்தில் தேவதாயின் யாத்திரைத் தலம் ஒன்று இருந்தது. இறந்து பிறந்த பிள்ளைகளைப் பெற்றோர் தூர இடங்களிலிருந்து அங்கே எடுத்துவந்தனர். கணப்பொழுதேனும் உயிர் திரும்பினால் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது அவர்களின் ஏக்கம். 1528ம் ஆண்டில் புரட்டஸ்தாந்து சீர்திருத்தம் அத்தலத்தை மூடிவிட்டது. 1990ம் ஆண்டுகளில் அங்கே நடந்த அகழ்வாய்வில் ஏறக்குறைய 250 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அப்பெற்றோர் செய்தது தவறான பழக்கமென்று திருச்சபை பின்னர் தடுத்தது. ஆனால் அவர்களை அத்தனை தூரம் நடக்கவைத்த அன்பை யாரால் குறைசொல்ல முடியும்?

இன்று திருச்சபை சொல்வது

பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1951ம் ஆண்டில் இத்தாலிய மருத்துவிச்சிகளுக்கு உரையாற்றியபோதும், வளர்ந்தவருக்குள்ள ஆசை ஞானஸ்நானத்தின் வழி பச்சிளங் குழந்தைக்குத் திறந்திருக்கவில்லை என்றே நினைவூட்டினார். ஆனால் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ம் ஆண்டில், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தமையால், இறைவன் மட்டுமே அறிந்த வழியில், அவரது பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைப் பரிசுத்த ஆவியானவர் எல்லாருக்கும் அளிக்கிறார் எனப் போதித்தது. 1970ம் ஆண்டின் உரோமைத் திருப்பலி நூலிலே, ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தையின் அடக்கத் திருப்பலிக்கெனத் தனிச் செபங்கள் இடம்பெற்றன. 1983ம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு (1183ம் இலக்கம்), பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்கு முன் பிள்ளை இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்றது. மதில் இவ்வாறு இடிக்கப்பட்டது!

1992ம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1261ம் பத்தி), இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்குமாறு கூறி, அவர்களுக்கும் இரட்சண்ணியத்தின் வழி ஒன்று உண்டென நம்பியிருக்க எமக்கு இடமளிக்கிறது. லிம்போ என்ற சொல்லே அங்கு இல்லை. பாப்பரசர் 2ம் அருள் சின்னப்பரின் காலத்தில், 2004ம் ஆண்டில், அனைத்துலக இறையியல் ஆணைக்குழு இவ்விடயத்தை ஆராயத் தொடங்கிற்று. பாப்பரசர் 16ம் ஆசீர்வாதப்பரின் அனுமதியோடு 2007ம் ஆண்டு சித்திரை மாதம் அதன் அறிக்கை வெளியாயிற்று. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் இரட்சிக்கப்பட்டு இறைவனை முகமுகமாய்க் காண்பர் என நம்பியிருக்கப் பலமான காரணங்கள் உண்டு என்பதே அதன் முடிவு.

நம்பிக்கையின் ஆதாரங்கள்

மாசில்லாக் குழந்தைகளை எண்ணிப்பாருங்கள். ஏரோதன் கொல்வித்த பெத்லகேம் பிள்ளைகள் தண்ணீரால் ஞானஸ்நானம் பெறவில்லை, கிறிஸ்துவை அறியவுமில்லை. எனினும் மார்கழி 28ம் திகதி திருச்சபை அவர்களைப் புனிதர்களாக வணங்குகிறது. அருளப்பர் தாயின் உதரத்திலேயே பரிசுத்த ஆவியினால் நிரப்பப்பட்டார் என லூக்காஸ் கூறுகிறார். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாது தடுத்த சீடர்மேல் ஆண்டவர் கோபங்கொண்டார் என மாற்கு எழுதுகிறார். தேவதிரவிய அனுமானங்களைத் தந்த இறைவன் தாமே அவற்றுக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்பதும் திருச்சபையின் பழைய போதனையே.

பெற்றோரின் ஆசையும் செபமும் வீண்போகா. தாயின் உதரத்தில் இறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் வேண்டுதலே உதவலாம் என 16ம் நூற்றாண்டில் கர்தினால் கயெத்தான் எழுதினார். அப்பகுதி அவருடைய நூலிலிருந்து பின்னர் நீக்கப்பட்டது. இன்றோ பெற்றோரின் எண்ணத்தைச் சட்டத் தொகுப்பே மதித்து ஏற்கிறது.

அப்படியானால் நிச்சயமாகச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஞானஸ்நானம் பெற்று, புத்தி விபரம் அறியுமுன் இறந்த குழந்தை மோட்சம் சேர்கிறது என்பது நிச்சயம். பெறாத குழந்தை பற்றி அதே நிச்சயத்தோடு சொல்ல எமக்கு வெளிப்படுத்தப்படவில்லை. திருச்சபை இங்கே சொல்வது நம்பிக்கை. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என நாம் சின்ன வயதிலே படித்தோமல்லவா? நம்பிக்கை என்பது வெறும் ஊகமன்று. இறைவனின் நன்மைத்தனத்தில் ஊன்றி நிற்கும் புண்ணியம்.

அப்படியானால் ஞானஸ்நானம் ஏன்?

இறைவன் இரக்கமுள்ளவர் என்பதால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாம் என எவரும் எண்ணவேண்டாம். வெளிநாட்டிலிருந்து மாமா வரும்வரை, மண்டபம் கிடைக்கும்வரை, ஞானத்தாய் ஞானத்தந்தைக்கு லீவு கிடைக்கும்வரை எனப் பல மாதங்கள் காத்திருப்போர் இன்று பெருகிவிட்டனர். பிறந்து சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது பெற்றோரின் கடமை எனச் சட்டம் (867ம் இலக்கம்) கூறுகிறது. மரண ஆபத்து இருந்தால் தாமதமே கூடாது.

அவ்வேளையில் குருவானவர் இல்லையாயின் எவரும் கொடுக்கலாம். தகப்பன், பேத்தி, தாதி யாராயினும் சரி. இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருந்தாலும் சரி. திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணம் இருந்தாற் போதும். பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டே, பெயர் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் எனச் சொல்ல வேண்டும். உயிர் இருக்கிறதா என்ற ஐயம் இருந்தால் ‘நீ உயிரோடிருந்தால்’ எனச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிர் பிரிந்தது நிச்சயமானால் கொடுப்பதில்லை. செபித்து இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும். பிள்ளை பிழைத்தால் பங்குத் தந்தைக்கு அறிவித்துப் பதிவேட்டில் பதிய வேண்டும். மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கப்படமாட்டாது; மற்றச் சடங்குகள் மட்டும் கோவிலில் நிறைவேற்றப்படும்.

பெற்றோருக்கும் உறவினருக்கும்

பிள்ளையை இழந்த தாயிடம், “நீ உச்சி வெயிலில் போனாய்”, “யார் செய்த பாவமோ” என்று பேசுவது பெரும் பாவம். பிறவிக் குருடனைக் குறித்து யார் செய்த பாவம் எனச் சீடர் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் ஆண்டவர். “இன்னும் பெறலாம்” என்று ஆறுதல் சொல்வதும் ஆறுதலாகாது. இழந்த பிள்ளை இழந்த பிள்ளையே. அதற்குப் பெயர் வையுங்கள். குடும்பச் செபத்தில் அப்பெயரைச் சொல்லுங்கள். அடக்கம் பற்றிப் பங்குத் தந்தையிடம் தயங்காது பேசுங்கள். ‘சம்மனசாகப் போய்விட்டது’ என எம்மவர் சொல்வதுண்டு. மனிதர் சம்மனசாக மாறுவதில்லை. பிள்ளை பிள்ளையாகவே இறைவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒருநாள் உங்கள் பிள்ளையாகவே அதைக் காண்பீர்கள் என்பதே எமது நம்பிக்கை.

அன்று மாலை அந்தத் தாய்க்கு இவையெல்லாவற்றையும் சொல்ல நேரமிருக்கவில்லை. “அம்மா, உங்களைவிடக் கூடுதலாக உங்கள் மகனை நேசிக்கிற ஒருவரிடம் அவன் இருக்கிறான். பயப்படாமல் நம்புங்கோ” என்று மட்டும் சொன்னேன். பின்னர் தீர்த்தச் செம்பை எடுத்துவரச் செய்து பூவரச மரத்தடியையும் மந்திரித்தேன். மதிலுக்குள் நின்ற சனங்களிற் சிலரும் வெளியே வந்து எம்மோடு முழந்தாளிட்டனர்.

உங்கள் பங்கிலும் இப்படி ஓரிடம் இருக்கக்கூடும். முதியவர்களிடம் விசாரியுங்கள். இம்மாதம் முடியுமுன் அங்கேயும் ஒரு மெழுகுதிரி எரியட்டும்.