பழைய காரில் எதை வாங்குகிறார்கள்?

நம் சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையில் காரைக்குடிக்குப் போய்த் திரும்பியதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பாட்டனார் 1955-இல் வாங்கிய லாண்ட்மாஸ்டர் கார் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அம்பாஸடருக்கு முன்னால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்து விற்ற வண்டி அது. பழைய வண்டிகளைத் தேடிச் சேர்க்கும் ஒருவர் அதை வாங்க வந்தார். புதுப் பெயிண்டையும் புதுச் சீட்டையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே பானட்டைத் திறந்தார். உள்ளே இருந்தது பிற்காலத்தில் மாட்டிய டீசல் எஞ்சின். “பேசிய விலையில் பாதிதான் தர முடியும்” என்று சொல்லிவிட்டார். “வண்டி முன்னைவிட நன்றாக ஓடுகிறது, பிறகு ஏன் பாதி விலை?” என்பதே நண்பரின் கேள்வி. நான் பௌதிகம் படிப்பவன், கார் வியாபாரி அல்லன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை எளிதில் விடவில்லை.

ஓடும் திறனுக்காகப் பழைய காரை எவரும் வாங்குவதில்லை. 1962 முதல் 1964 வரை இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 250 ஜி.டி.ஓ. என்ற பந்தயக் காரில் 36 வண்டிகளே செய்தது. அவற்றுள் ஒன்று 2023-இல் நியூயார்க் ஏலத்தில் 5 கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. 1955-இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட ஒரு மெர்ஸிடிஸ் கார், 2022-இல் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. இத்தகைய கார்களை அச்சு அசலாகப் போலி செய்துதரக் கைதேர்ந்த கம்மியர் உண்டு. அந்தப் போலி அதே வேகத்தில் ஓடும், அதே ஓசை எழுப்பும். விலையோ மூலத்தின் அருகில்கூட வராது. ஆகவே இரும்பையும் அலுமினியத்தையும் தவிர வேறு ஏதோ ஒன்றுக்குத்தான் இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள். அதைக் காட்டும் முதல் அடையாளம் எண்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அடிச்சட்டத்தில் ஓர் எண்ணும் எஞ்சினில் ஓர் எண்ணும் பொறிக்கப்படுகின்றன. இவ்விரண்டும் பழைய ஏடுகளில் உள்ளவாறே இன்றும் இருந்தால் அந்த வண்டிக்குத் தனி மதிப்பு. மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். பழைய எண்ணை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, விலை மிகுந்த வேறொரு வண்டியின் எண்ணைக் குத்துகிறார்கள்.

இங்கேதான் விஞ்ஞானம் துணைக்கு வருகிறது. எண் குத்தும் அச்சு உலோகத்தின் மேல்தோலை மட்டும் அழுத்துவதில்லை. அடியில் உள்ள படிகங்களும் நசுங்கி நிலை குலைகின்றன. கண்ணுக்குத் தெரியும் எண்ணை ராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் கீழே தங்கிவிடும். நசுங்கிய இரும்பு மற்ற இடத்தைவிட விரைவில் அமிலத்தில் கரையும். அவ்விடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த தாமிரக் குளோரைடால் துடைத்தால், மறைந்த எண் ஆவிபோல் எழுந்து வரும். குற்றப் புலனாய்வுச் சாலைகளில் துப்பாக்கி எண்ணைக் கண்டறியும் முறையும் இதுவே. மிக ஆழமாக ராவியிருந்தால் மட்டும் அமிலமும் கைவிரிக்க வேண்டியதுதான்.

தோல் சீட்டுக்கும் மரச் சட்டத்துக்கும் வேறொரு சோதனை உண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலுள்ள கரி-14 பெருகி, 1963-ஐ ஒட்டி வடகோளத்தில் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதன்பின் வாழ்ந்த மாட்டின் தோலிலும் வளர்ந்த மரத்திலும் அந்த மிகுதி பதிந்திருக்கிறது. 1930-இல் தைத்த சீட்டு என்று விற்பவர் சத்தியம் செய்யலாம். மாடு பொய் சொல்லாது. ஆனால் இந்தச் சோதனை அந்தச் சீட்டின் வயதைத்தான் சொல்லும். சீட்டு பிந்தியது என்பதனால் கார் போலி ஆகிவிடுமா? அதற்குச் சோதனைச் சாலையில் விடையில்லை. 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றம் அதற்கு ஒரு விடை தந்தது.

‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பெண்ட்லி காரைப் பற்றிய வழக்கு அது. பிரான்சில் லெ மான் என்னுமிடத்தில் 24 மணி நேரம் நடக்கும் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற வண்டி. 1932-இல் 8 லிட்டர் எஞ்சின் ஏற்றப்பட்டு புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது, சரிவான ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். பின்னர் அதை மீண்டும் கட்டி, மூடிய கூடு பொருத்தினார்கள். 1990-இல் ஒருவர் அதை ஒரு கோடி பவுன் மதிப்புக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க ஒப்பிய நிறுவனம், “இது அந்தக் காரே அன்று” என்று பின்வாங்கிற்று.

அவர்கள் பக்கத்து வாதம் லேசானதன்று. 1929-இல் வென்ற வண்டியிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1930-இன் வண்டியிலிருந்து கியர்பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு, பெடல் தண்டு இவை மட்டும். அடிச்சட்டமும் எஞ்சினும் 1932-இல் வந்தவை. கத்திக்குப் பிடியும் மாற்றினேன், அலகும் மாற்றினேன், ஆனால் இது என் தாத்தாவின் கத்திதான் என்பவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் அல்லவா?

நீதிபதி ஆட்டன் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்கிற கார் என்ற பொருளில் இதை ‘மூலக் கார்’ என்று சொல்ல முடியாது என ஒப்புக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த அதே வண்டிக்குச் செய்யப்பட்டது. அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு வண்டியும் இல்லை. ஆகவே இது மெய்யான ‘ஓல்ட் நம்பர் ஒன்’தான் என்று தீர்ப்பளித்தார். பௌதிக மாணவனுக்கு இது முதலில் கசந்தது. பிறகு யோசித்தேன்: ஆற்றில் நேற்றைய நீர் இன்று இல்லை, காவிரி என்ற பெயரை நாம் மாற்றுவதில்லை.

நம் நாட்டு விதி இதைவிடக் கண்டிப்பானது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, முதற் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகள் கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் இவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. எழுத்துக்கு எழுத்து படித்தால் ‘ஓல்ட் நம்பர் ஒன்’னே நம் ஊரில் தேறாது! போலிகளைத் தடுக்க இந்தக் கண்டிப்பு தேவை என்பதை மறுக்கவில்லை. எனினும் பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சின் மாட்டி, குடும்பத்தின் கல்யாணங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய வண்டியின் கதையும் வரலாறுதான் என்பது என் எண்ணம். அந்த மாற்றம் எப்போது, ஏன், எவரால் செய்யப்பட்டது என்று எழுதி வைத்திருந்தால் வாங்குபவர் இருட்டில் கைவிட வேண்டியிராது.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, “பழைய எஞ்சின் என்னவாயிற்று?” என்று கேட்டேன். மாட்டுத்தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறதாம். இரும்புக் கடைக்காரர் கிலோ விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கொடுக்க வேண்டாம் என்று அன்றிரவே ஊருக்குப் பேசச் சொன்னேன். எண் உள்ள இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துருவை மெல்லத் துடைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றேன். பாட்டனார் காலத்து ரசீதுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றனவா என்று தேடும் வேலை அவருடைய தாயாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.